மீசை ராஜாவின் கதிரை

எங்கள் முதலாளி தாய்லாந்துக்குப் போனதே இல்லை. ஆனால் தாய்லாந்து ராஜாவைப் பற்றி யாராவது கேட்டால், சொந்தப் பெரியப்பாவை விசாரித்ததுபோல முகம் மலர்ந்துவிடும். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், பல் வைத்தியருக்கும் நகைக்கடைக்கும் நடுவில் அவருடைய தாய்லாந்துச் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. முதலாளி யாழ்ப்பாணம், சமையல்காரி நான் யாழ்ப்பாணம், கறிக்குப் போடுகிற தூளும் பாதி யாழ்ப்பாணம். வாசலில் நின்று ஓடர் எடுக்கும் பெண் ஒருத்திதான் உண்மையான தாய்லாந்து. சனம் கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்துத்தான் நம்பி உள்ளே வரும்.

என்னை வேலைக்கு எடுத்த கதையைச் சொல்லவேண்டும். ஒரு கலியாணவீட்டில் என்னைக் கண்டார்.

"நீர் இஞ்சை வரேக்கை பாங்கொக்கிலை நிண்டனீர் எல்லே?"

"ஓம் அண்ணை, ரண்டு வருஷம்."

"பிறகென்ன! அந்தச் சமையல் கைப்பழக்கமாத்தானே இருக்கும். திங்கக்கிழமை வாரும்."

அந்த இரண்டு வருஷமும், அகதிகளைக் களவாகக் கனடாவுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் எங்களை ஒரு மாடி அறையில் வைத்துப் பூட்டியிருந்தான். பொலிஸ் பிடிக்கும், வெளியே தலை காட்டாதே என்பதுதான் அவன் சொன்ன ஒரே அறிவுரை. சோறும் பருப்பும் சம்பலும் காய்ச்சிக்கொண்டு கனடாவுக்காகக் காத்திருந்தோம். தாய்லாந்துச் சாப்பாட்டை நான் மூக்கால் மட்டும்தான் சாப்பிட்டேன். யன்னலுக்குக் கீழே வண்டில்காரி ஒருத்தி மீன் பொரிப்பாள். இதை விளக்கிச் சொன்னால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். பச்சைக் கறி வைக்க அந்தத் தாய்லாந்துப் பெண்தான் எனக்குக் காட்டித் தந்தாள். அவளும் தன் வீட்டில் சமைப்பதில்லை. தாயிடம் போனில் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள்.

முதலாளியும் நானும் ஒரே ஊர். ஒரே ஊர் என்றால் எங்கள் ஆட்கள் அதோடு விடமாட்டார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும். அவர் கோயிலுக்கு முன்பக்கம். நாங்கள் வயலுக்கு அங்காலே. அவருடைய தகப்பனை என் அம்மா 'நயினார்' என்று கூப்பிடவேண்டும். அவர்கள் வீட்டு விறாந்தையில் வந்தவர்கள் உட்காரக் கதிரைகள் வரிசையாக இருந்தன. அம்மாவுக்கு முற்றத்து மண் இருந்தது. நெல்லுக் குத்திக் களைத்து வந்தாலும் அந்த மண்ணில்தான் குந்தவேண்டும். பெரியவர் வெளியே வந்தால் அதிலிருந்தும் எழும்பவேண்டும்.

நான் இங்கே அவருடைய மகனை 'அண்ணை' என்கிறேன். இந்த ஒரு சொல்லுக்காகவே கனடாவுக்கு வந்த காசு வீண்போகவில்லை என்று நினைத்ததுண்டு. அவர் என்னைச் சாப்பிட வந்தவர்களுக்கு முன்னால் 'நீர்' என்பார். குசினிக் கதவு சாத்தினால் 'நீ'.

பார்க்டேலில் முதன்முதல் வந்திறங்கிய காலத்தைப் பற்றி அவரே பெருமையாகச் சொல்லுவார். ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேர், ஒரே நிலம், ஒரே போர்வை இழுபறி. யார் எந்தப் பக்கம் என்று போர்வைக்குத் தெரியாது. பிறகு ஆளாளுக்கு வேலை, வீடு, கார் என்று வந்தபோது சாதியும் வந்து சேர்ந்தது. நாங்கள் எல்லோரும் அகதி வழக்குப் பேசி, நேர்முகத்துக்குப் போய், நகம் கடித்துக் காத்திருந்து உள்ளே வந்தோம். அது மட்டும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் வந்துவிட்டது. இப்போது அவருக்கு விட்பியில் நான்கு அறை வீடு. அங்கே ஒருமுறை போயிருக்கிறேன். மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பையில் தேத்தண்ணி வந்தது, எனக்குக் குடித்துவிட்டு எறிகிற கடதாசிக் கோப்பையில் வந்தது. கழுவுற கரைச்சல் இல்லை பாருங்கோ என்றார் அவருடைய மனைவி.

எங்கள் குசினியில் கதிரை கிடையாது. வெங்காயம் உரிப்பதும் நின்றுதான், மதியம் சாப்பிடுவதும் நின்றுதான். எனக்கு ஐம்பத்தேழு வயதில் வலது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. தேய்வு, நிற்காமல் இருந்து செய்யக்கூடிய வேலையை இருந்து செய்யுங்கோ, இல்லாவிட்டால் வேலையையே விடவேண்டி வரும் என்றார் டொக்டர். வேலையை விட்டால் வாடகையை முழங்காலா கட்டும்? முதலாளியிடம் போனேன்.

"அண்ணை, குசினிக்குள்ளை ஒரு கதிரை போட்டுத் தாறீங்களோ? வெங்காயம் உரிக்கேக்கை மட்டும் இருப்பன்."

"கதிரையோ? உதுக்குள்ளை இடம் எங்கை கிடக்கு? இருந்தா வேலை ஓடாது பிள்ளை. எழும்பி நிண்டு செய்தாத்தான் கை ஓடும்."

இரண்டு ஆள் நின்று நடனமாடக்கூடிய குசினி அது.  அன்றைக்கு வெங்காயத்தைக் கொஞ்சம் பலமாக வெட்டினேன்.

இந்த நேரத்தில்தான் ரெக்ஸ்டேலில் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக்கடையை மூடினார்கள். முதலாளி வானைக் கொண்டுபோய் அங்கே இருந்ததையெல்லாம் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தார்: மர யானைகள், ஒரு கட்டு மெனு, ஆளுயரப் படம் ஒன்று, செதுக்கல் வேலை செய்த தேக்குக் கதிரை ஒன்று. படத்தில் இருந்தவர் வெள்ளை உடுப்பும் பதக்கங்களும் முறுக்கு மீசையுமாக இருந்தார். தாய்லாந்தை நவீனமாக்கிய ராஜா இவர்தான், அந்த அரச வரிசையில் ஐந்தாவது ஆள் என்று தாய்லாந்துப் பெண் சொன்னாள். பெயரையும் சொன்னாள். எங்கள் முதலாளியின் நாக்கு அதற்குள் நுழையவில்லை. 'மீசை ராஜா' என்று வைத்துவிட்டோம்.

முதலாளி ராஜாவைக் காசு மேசைக்கு மேலே பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டி, கண்ணாடியில் மூன்று குறி விபூதி இழுத்து, நடுவில் சந்தனப் பொட்டும் வைத்தார். புத்த ராஜா ஒரே நாளில் சைவத்துக்கு மாறினார். தாய்லாந்துப் பெண் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவருக்குத் தனி இடம் வேண்டும், செவ்வாய்க்கிழமை பிறந்தவர் என்பதால் செவ்வாய்தோறும் றோஸ் நிறப் பூ வைக்கவேண்டும், பிராண்டியும் சுருட்டும் படைப்பார்கள் என்று சொன்னாள். பிராண்டி என்ற சொல் முதலாளியின் காதில் தேவாரமாக விழுந்தது. அன்றிலிருந்து செவ்வாய்தோறும் ராஜாவுக்கு ஒரு கிளாஸ். படைத்ததைக் கீழே ஊற்றக்கூடாது, பாவம் என்று பின்னேரம் தானே எடுத்துக் குடிப்பார். வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத மனுசன்.

தேக்குக் கதிரையைப் படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு விரிப்பின்மேல் வைத்தார். நான் அதைப் பார்த்த பார்வையைக் கண்டிருக்கவேண்டும்.

"உதிலை ஒருத்தரும் இருக்கப்படாது. உது ராஜாவின்ரை கதிரை" என்றார்.

ராஜா செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அவருக்கு முழங்கால் நோவும் இல்லை. அவருக்குக் கதிரை இருந்தது.

மெனுவின் பின்பக்கத்தில் ராஜாவின் கதை ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மிச்சத்தைத் தாய்லாந்துப் பெண்ணும் நானும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். பதினைந்து வயதில் பட்டத்துக்கு வந்தவராம். அதுவரை அந்த நாட்டில் பெரியவர்களுக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. நெஞ்சு நிலத்தில் பட விழுந்து கிடக்கவேண்டும், போவதென்றாலும் தவழ்ந்துதான் போகவேண்டும். மந்திரியாக இருந்தாலும் அதுதான். இந்தப் பெடியன் இருபது வயதில் இரண்டாம் முறை முடிசூட்டிக்கொண்டபோது, இனி விழவும் வேண்டாம், தவழவும் வேண்டாம் என்று கட்டளை போட்டாராம். அதை வாசித்து முடித்ததும் நிலத்தில் கிடந்த சபை முழுக்க எழுந்து நின்றதாம். எழும்பி நின்றவர்களைக் கதிரையில் இருக்கவும் விட்டாராம்.

அந்த இடத்தை நான் திரும்பக் கேட்டேன். அவள் திரும்பச் சொன்னாள். எனக்கு ராஜாவைப் பிடித்துப்போனது.

முழுக்கப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். அடிமைகளை விடுதலை செய்தாராம். ஆனால் ஒரேயடியாக இல்லை, தவணை முறையில், முதலாளிமாருக்கு நோகாதபடி. ரயில் போட்டார், தபால் கொண்டுவந்தார், ஆஸ்பத்திரி கட்டினார், பிள்ளைகளை ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பினார். அத்தனை பிள்ளைகளுக்கும் அத்தனை தாய்மார். அந்தக் கணக்கை மட்டும் நவீனமாக்க மறந்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் இரண்டு பக்கத்தாலும் நெருக்கியபோது ஓரத்து நிலங்களை விட்டுக்கொடுத்து நடு வீட்டைக் காப்பாற்றினாராம். கெட்டிக்காரன்தான்.

ராணி ஒருத்தியின் கதையை அவள் ஒருநாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டு சொன்னாள். ராணி கைக்குழந்தையோடு ஆற்றில் போகும்போது படகு கவிழ்ந்துவிட்டது. வயிற்றிலும் ஒரு பிள்ளை. பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். ஆனால் ராஜ குடும்பத்தைத் தொட்டால் தலை போகும் என்பது சட்டம். தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். தாயும் பிள்ளையும் செத்துப்போனார்கள். ராஜா அழுது புரண்டு பெரிய நினைவுச்சின்னம் கட்டினாராம். செத்த பிறகு யாரும் தாராளம்தான்.

 தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தொடமுடியாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். கோயில் கிணற்றடியில் அம்மா வாளியோடு நிற்பார். கிணற்றுக் கட்டைத் தொடக்கூடாது. யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றும்வரைக்கும் வெயிலில் நிற்கவேண்டும். ராணியைத் தொட்டால் குற்றம், அம்மா தொட்டால் தீட்டு. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் தொடாமல் கொல்ல மனிசருக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பெண்ணே செவ்வாய்க்கிழமைகளில் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து நெற்றி நிலத்தில் பட விழுந்து கும்பிடுவாள். விழவேண்டாம் என்று சொன்ன மனுசனுக்கு முன்னால் ஏன் விழுகிறாய் என்று கேட்டேன். கட்டாயம் இல்லை என்றுதானே சொன்னார், கட்டாயம் இல்லாததால்தான் விழுகிறேன் என்றாள். எனக்கு அந்தப் பதில் நல்லாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊர் அரண்மனையில் இன்றைக்கும் ஆட்கள் தவழ்வதை ரீவியில் காட்டுகிறார்களே என்று கேட்டபோது அவள் எழும்பி மேசை துடைக்கப் போய்விட்டாள். பழைய குருடி கதவைத் திறவடி என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான பழமொழி போலிருக்கிறது.

ஒக்ரோபர் மாதம் ராஜாவின் நினைவு நாள் வருகிறது என்று தெரிந்ததும் முதலாளிக்கு யோசனை பிறந்தது. ஊர்ச் சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டு, நகரசபை உறுப்பினரான ஒரு வெள்ளைக்கார அம்மாவையும் கூப்பிட்டு, கடைக்குள்ளேயே 'மீசை ராஜா விழா' எடுப்பது. கடைக்கும் விளம்பரம். எங்கள் ஆட்களுக்கு விழா எடுக்கக் காரணம் தேவையில்லை, மைக் இருந்தால் போதும். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முறைப்படி வந்தன. பொன்னாடை எஞ்சியிருந்ததால் ராஜாவின் படத்துக்கும் ஒன்று போர்த்தினார்கள்.

நான் காலையிலிருந்து நின்றபடி. குசினியில் சமைத்து முடித்ததும், பரிமாற ஆள் காணாது என்று தட்டைக் கையில் தந்து கடையின் முன்பக்கம் விட்டார்கள். முழங்கால் வீங்கிக் காற்சட்டை இறுக்கியது. சங்கத்து ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகளின் போன்கள் எல்லாம் கதிரைகளில் இருந்தன. தேக்குக் கதிரை மட்டும் பூமாலையோடு காலியாக நின்றது.

முதலாளி பேச எழும்பினார். கண்டிக் கதையில் தொடங்கினார்.

"ராஜா கப்பலிலை போகேக்கை எங்கடை நாட்டுக்கும் வந்தவர். கண்டியிலை புத்தற்ரை பல்லைத் தொட்டுக் கும்பிட ஆசைப்பட்டவர். விட்டவங்களோ? விடேல்லை! ஒரு நாட்டு ராஜா, அவன்ரை சொந்தச் சமயம், அவனையே தொடாதை எண்டவங்கள். கோவிச்சுக்கொண்டு போட்டார் மனுசன். ராஜாவுக்கே உந்தக் கதி எண்டா எங்களுக்கு என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ!"

சனம் உச்சுக்கொட்டியது. தொடவிடாத கதை கேட்க நாங்கள் கண்டி வரைக்கும் போகவேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கோயில் வாசல் போதும்.

பிறகு ராஜா தமிழர்தான் என்று நிறுவினார். அவர்களுடைய அரண்மனைச் சடங்கில் நாங்கள் மார்கழியில் பாடுகிற பாட்டைத்தான் பாடுகிறார்களாம், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டுமாம். கைதட்டல் எழும்பியது. முன்வரிசையில் இருந்த ஓர் அன்ரி பக்கத்து அன்ரியிடம் மெல்லக் கேட்டார்: "அப்ப ராஜா ஊரிலை எந்தப் பக்கமாம்?"

முதலாளி குரலை உயர்த்தினார்.

"ராஜா சொன்னார், எழும்புங்கோ! இனி ஒருத்தரும் ஒருத்தருக்கு முன்னாலை விழவேண்டாம். என்ரை சபையிலை எல்லாரும் கதிரையிலை இருக்கலாம் எண்டார். நானும் அப்பிடித்தான். என்ரை கடையிலை பெரியவன் சின்னவன் இல்லை!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி மைக்கில் நின்று சாமியின் வரத்தை வாசித்துக்கொண்டிருந்தார், நான் தட்டோடு சுவரில் சாய்ந்து நின்றேன். என் முழங்கால் அந்த வரத்தைக் கேட்டிருக்கவேண்டும். துணிச்சலில்தான் அந்தக் கதிரைப் பக்கம் போனேன் என்று சொன்னால் பொய். நோவில்தான் போனேன். பாதி வழியில் அம்மாவின் நினைவு வந்தது, அதன்பிறகு நோவு மட்டும் இல்லை. தட்டை முன்மேசையில் வைத்தேன். தேக்குக் கதிரையின் மாலையைக் கழற்றி ஒரு கைப்பிடியில் தொங்கவிட்டேன். இருந்தேன்.

மைக் மட்டும் இரைந்தது. முன்வரிசை அன்ரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"உவ ஆர்? வயல்பக்கத்து... நெல்லுக் குத்திறவளின்ரை மகளெல்லே?"

"ஓம் அன்ரி, அவவின்ரை மகள்தான்" என்று நானே சொன்னேன். அவர் தலையை ராஜாவின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலாளியின் வாய் திறந்தபடியே நின்றது. நகரசபை அம்மா ஒன்றும் விளங்காமல் எல்லோரையும் பார்த்தார். தாய்லாந்துப் பெண் அவருக்குக் கிட்டப் போய்க் காதுக்குள் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான், நகரசபை அம்மா எழுந்து நின்று கைதட்டத் தொடங்கிவிட்டார். வெள்ளைக்காரி தட்டினால் எங்கள் ஆட்கள் தட்டாமல் இருப்பார்களா? முழுக் கடையும் தட்டியது. முதலாளி பெரிய வியாபாரி. ஒரு கணத்தில் முகத்தை மாற்றி, கையை என் பக்கம் நீட்டி, "பாருங்கோ, இதுதான் ராஜாவின்ரை வழி! நான்தான் இப்பிடி இருக்கச் சொன்னனான்" என்றார். நகரசபை அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்து, அன்று பின்னேரமே தன்னுடைய இணையப் பக்கத்தில் போட்டார். அதன் கீழே சமத்துவம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். படத்தில் நான் வாயை இறுக்கிக்கொண்டு இருக்கிறேன். அது வீரம் இல்லை, முழங்கால்.

மறுநாள் காலை வழக்கம்போல பஸ்ஸில் வந்து பின்வாசலால் நுழையப் போனேன். அங்கே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் முதலாளி. காற்சட்டையை மடித்துவிட்டு, கையில் தும்புத்தடியும் காலடியில் வாளியுமாக. அவர் வாளி தூக்கி நான் பார்த்தது அன்றுதான். முன்னால் தேக்குக் கதிரை நனைந்து நின்றது. ஒக்ரோபர்க் குளிரில் அதிலிருந்து ஆவி பறந்தது. வாளியில் இருந்த தண்ணீர் மஞ்சள்.

செத்தவீடு நடந்தால் தீட்டுக் கழிய வீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். நான் செத்திருக்கவில்லை. அதில் இருந்திருந்தேன், அவ்வளவுதான்.

என்னைக் கண்டதும் அவர் திடுக்கிட்டார்.

"ஒரே தூசு பிள்ளை. நேற்று சனமெல்லே..."

எனக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. அம்மா எழும்பிப்போன முற்றத்து மண்ணுக்கும் பிறகு இப்படித்தான் தெளித்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பையைத் தோளிலிருந்து இறக்கினேன். அந்தக் கதிரையை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். கனமான சாமான், வழி முழுக்க மஞ்சளாக ஒழுகியது. வெங்காயச் சாக்குக்குப் பக்கத்தில் வைத்து அதில் இருந்தேன். வெள்ளைக் காற்சட்டை சில்லென்று நனைந்தது.

முதலாளி வாசலில் நின்றார். "அது இன்னும் காயேல்லை" என்றார்.

"பரவாயில்லை அண்ணை. நாளைக்கும் நான் உதிலைதான் இருப்பன். நாளைக்கும் கழுவுங்கோ."

என்னை வேலையால் நிற்பாட்டவும் அவரால் முடியவில்லை. நகரசபை அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், கதிரை எங்கே என்றும் கேட்டார்கள். குசினியில் எட்டிப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கிழமை முழுக்க, நான் வருவதற்கு முன்பே அவர் வந்து கதிரையை வெளியே எடுத்துக் கழுவினார். ஒவ்வொரு நாளும் நான் ஈரத்தில் இருந்தேன். காற்சட்டையில் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை.

பிறகு அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தேக்கு லேசான மரமா? ஒருநாள் காலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முகம் வெளுத்துக் குசினி வாசலில் வந்து நின்றார். எங்கேயாவது இருக்கவேண்டும் என்று கண் தேடியது. குசினியில் ஒரே ஒரு கதிரை. அதில் நான். அவருடைய தகப்பன் வந்தால் அம்மா எப்படி எழும்புவாரோ, அந்த எழும்பல் என் காலுக்குள்ளும் ஒருகணம் ஓடியது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

எழும்பவில்லை. மூலையில் கிடந்த மஞ்சள் வாளியை எட்டி எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"இருங்கோ அண்ணை."

வாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இருந்தார். சும்மா இருப்பானேன் என்று அவர் கையில் ஒரு கத்தியையும் நாலு வெங்காயத்தையும் கொடுத்தேன்.